மடிப்பு கோணலாக விழுகிறதா? ரோலரைப் பாருங்கள்

ஃபோல்டிங் மெஷினில் (அச்சடித்த தாளை மடிக்கும் மெஷின்) மடிப்பு கோணலானால் உடனே பிளேட்டை (தாள் உள்ளே போய் முட்டி நிற்கும் தட்டு) திருகாதீர்கள். தாளை இழுக்கும் ஜோடி ரோலர்களின் இடைவெளியை முதலில் பாருங்கள். ஓட்டப்போகும் தாளிலேயே இரண்டு கீற்று கிழித்து, ரோலரின் இரு முனையிலும் செருகி இழுங்கள். இரண்டும் ஒரே பிடியோடு வர வேண்டும். ஒரு பக்கம் லூசாக இருந்தால் தாள் சாய்ந்துதான் போகும். தாள் ஒற்றையாக நுழையும் இடத்தில் முனைக்கு ஒரு கீற்று, ஒருமுறை மடிந்து நுழையும் இடத்தில் முனைக்கு இரண்டு கீற்று வைத்துப் பார்க்கவும். கை வைக்கும்முன் மெயின் சுவிட்சையே அணையுங்கள், ஸ்டாப் பட்டனை நம்ப வேண்டாம்.

இடைவெளி சரி, அப்புறமும் தாள் வழுக்குகிறதா? ரோலர் ரப்பரில் மையும் ஸ்பிரே பவுடரும் (அச்சடித்த தாள்கள் ஒட்டாமல் தூவும் பொடி) படிந்து பளபளத்திருக்கலாம். ரோலர் கிளீனர் போட்டுத் துடையுங்கள். மடிப்பில் வெடிப்பு விட்டால் பெரும்பாலும் குறை மெஷினில் இல்லை: தாளின் கிரெயினுக்கு (தாளில் நார் ஓடும் திசை) குறுக்கே மடிக்கிறீர்கள். கனத்த ஆர்ட் பேப்பர் (பூச்சுள்ள வழவழப்பான தாள்) என்றால் கிரீசிங் (மடிக்கும் இடத்தில் முன்கூட்டியே அழுத்தும் கோடு) போடாமல் ஓட்டவே கூடாது.