அமெரிக்காவில் வீட்டுக்கடன் உரிமம்: பரீட்சைக்கு வெளியே நடக்கும் தவறுகள்

அமெரிக்காவில் வீட்டுக்கடன் ஏற்பாடு செய்துதரும் லோன் ஆபீசராக வேலை செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் பயப்படுவது உரிமப் பரீட்சையைப் பற்றித்தான். 120 கேள்விகள், 190 நிமிடம், 75 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தவறினால் 30 நாள் கழித்து மறுபடி எழுதலாம். மூன்றாவது முறையும் தவறினால் 180 நாள் காத்திருக்க வேண்டும். போவது பணமும் காலமும்தான். தொழிலையே கெடுக்கும் தவறுகள் பரீட்சை அறைக்கு வெளியே நடக்கின்றன.

2008-க்கு முன்பு இந்தத் தொழிலில் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறாக இருந்தன. ஓரிடத்தில் மோசடி செய்து மாட்டியவர் அடுத்த மாநிலத்தில் போய்க் கடை விரிக்க முடிந்தது. வீட்டுக்கடன் நெருக்கடி வெடித்த பிறகு, 2008 ஜூலையில் சேஃப் சட்டம் வந்தது. எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான குறைந்தபட்ச விதிகளை அது வகுத்தது. என்.எம்.எல்.எஸ். என்ற பொதுப் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. எந்த மாநிலத்துக்குப் போனாலும், எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் அதே எண்தான். ஆனால் உரிமம் தருவது மாநில அரசு. இந்த வேறுபாடு பிடிபடாமல்தான் பலர் சிக்குகிறார்கள்.

நம்மவர்களிடம் அடிக்கடி நடக்கக்கூடிய ஒன்றைப் பாருங்கள். டாலஸில் இருக்கும் ஒருவர் டெக்சாஸ் உரிமம் வைத்திருக்கிறார். வாட்ஸ்அப் குழுவில் நியூ ஜெர்சி நண்பர், "வீடு வாங்கப் போகிறேன், என்ன வட்டி கிடைக்கும்?" என்று கேட்கிறார். இவரும் உதவும் எண்ணத்தில் விவரங்களை வாங்கி, வட்டி சொல்லி, விண்ணப்பத்தையும் தொடங்கிவிடுகிறார். வீடு இருப்பது நியூ ஜெர்சியில் என்பதால் அந்த மாநில உரிமம் இல்லாமல் அதைச் செய்யக்கூடாது. நட்புக்காகச் செய்தேன் என்று சொன்னாலும், அதில் வருமானம் இருந்தால் அது உரிமமில்லாத தொழில்தான். அந்த மாநில உரிமம் உள்ள இன்னொருவரிடம் நண்பரை அனுப்பிவிடுவதே சரி. அப்படி அனுப்பியதற்காகக் கமிஷன் கேட்பது இன்னொரு தவறு. வீடு வாங்கும்போது நடக்கும் கடன், கட்டண விஷயங்களை ஒழுங்குபடுத்தும் ரெஸ்பா சட்டத்தின் 8-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. 10,000 டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

வங்கியில் வேலை பார்த்தவர்கள் செய்யும் தவறு வேறு. வங்கி ஊழியர்களுக்கு என்.எம்.எல்.எஸ். பதிவு மட்டும் போதும், பரீட்சை கிடையாது. அங்கிருந்து ஒரு வீட்டுக்கடன் புரோக்கர் நிறுவனத்துக்கு மாறும்போது, கையில் இருக்கும் எண்ணையே உரிமம் என்று நினைத்துவிடுகிறார்கள். 2019 நவம்பரிலிருந்து இப்படி மாறுகிறவர்களுக்குத் தற்காலிக அனுமதி கிடைக்கிறது. ஆனால் அதற்கு ஓராண்டு தொடர்ந்து பதிவில் இருந்திருக்க வேண்டும், உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும், இவர் எங்கள் ஊழியர் என்று புதிய நிறுவனம் பதிவேட்டில் பொறுப்பேற்றிருக்க வேண்டும். விண்ணப்பம் முழுமையாகாமல் கிடந்தால் 120 நாளில் அந்த அனுமதி முடிந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது விண்ணப்பத்தில் மறைப்பது. அந்தப் படிவம் குற்ற வழக்கு, திவால், வீடு ஜப்தி, வரி பாக்கி என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். கூச்சத்தில், அல்லது யாரோ சொன்ன தப்பான யோசனையால், "இல்லை" என்று போட்டுவிடுகிறார்கள். கைரேகையும் கடன் அறிக்கையும் உரிமம் தரும் துறையிடம் போகிறது; மறைக்க வழியே இல்லை. திவால் ஆனவர் என்பதற்காக மட்டும் சட்டம் யாரையும் ஒதுக்கிவிடுவதில்லை. காரணத்தை எழுதி, ஆவணங்களை இணைத்தால் பரிசீலிப்பார்கள். கடுங்குற்றத் தண்டனை மட்டும் கறாரானது: கடைசி ஏழு ஆண்டுக்குள் இருந்தால் உரிமம் கிடையாது, அது மோசடி, நம்பிக்கைத் துரோகம், பணச்சலவை போன்றதாக இருந்தால் எத்தனை ஆண்டு ஆனாலும் கிடையாது. இதில் வெளிநாட்டு நீதிமன்றத் தீர்ப்பும் சேரும் என்பதைப் புலம்பெயர்ந்தவர்கள் கவனிக்க வேண்டும். "அது ஊரில் நடந்த பழைய கேஸ்தானே" என்று விட்டுவிடக்கூடாது. சந்தேகம் இருந்தால் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள். அந்தப் படிவத்தை அலுவலகத்தில் வேறு யாராவது உங்கள் பெயரில் நிரப்பி உறுதிமொழி கொடுக்கவும் விடாதீர்கள். உரிமம் வாங்கிய பிறகு புதிதாக ஏதாவது நடந்தால் அதையும் பதிவேட்டில் சேர்க்க வேண்டும்.

படிப்பு விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. அடிப்படைப் பயிற்சி 20 மணி நேரம், ஆனால் சில மாநிலங்கள் கூடுதலாகக் கேட்கும். நியூ ஜெர்சிக்கு 24. கலிஃபோர்னியாவில் உரிமம் தரும் துறைகளே இரண்டு என்பதால் எந்தத் துறையின் கீழ் வருகிறீர்கள் என்று முதலில் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உரிமம் கிடைத்த பிறகு ஆண்டுதோறும் குறைந்தது 8 மணி நேரத் தொடர்கல்வி உண்டு. போன ஆண்டு படித்த அதே பாடத்தை இந்த ஆண்டும் படித்தால் கணக்கில் வராது. அப்புறம், "நீங்கள் படிக்கவே வேண்டாம், சான்றிதழ் மட்டும் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் விலகிப் போங்கள். 2022-இல் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்து, இப்படிப் படிக்காமலே படித்ததாகக் காட்டிய 441 பேர் மீது நடவடிக்கை எடுத்தன. சமரசத்துக்கு ஒப்புக்கொண்டவர்கள் மூன்று மாதம் உரிமத்தை ஒப்படைக்க வேண்டியிருந்தது. உரிமம் வைத்திருந்த ஒவ்வொரு மாநிலத்துக்கும் 1,000 டாலர் அபராதமும் கட்ட வேண்டியிருந்தது. எட்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தப் போய் வந்த வினை.

உரிமம் எடுக்காத உதவியாளர் ஆவணங்களை வாங்கி அடுக்கலாம். வாடிக்கையாளருக்கு வட்டி சொல்வதும் பேரம் பேசுவதும் அவர் வேலை அல்ல; "சார் மீட்டிங்கில் இருக்கிறார், நானே சொல்கிறேன்" என்ற பழக்கம் இரண்டு பேரையும் மாட்டிவிடும். நிறுவனம் மாறும் இடைவெளியிலும் இதே கவனம் தேவை. பழைய நிறுவனம் பொறுப்பை விலக்கி, புதியது ஏற்கும் வரை உரிமம் செயலற்று இருக்கும். அந்த நாட்களில் புதிய விண்ணப்பம் வாங்காதீர்கள்.

புதுப்பிக்கும் காலம் நவம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், தொடர்கல்வியை அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள். பயிற்சி நிறுவனம் உங்கள் நேரத்தைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கும் நாள் பிடிக்கும்.