இதய முள்ளெலிக் கூட்டை உடைக்காமல் சுத்தம் செய்வது எப்படி?

ராமேஸ்வரம், தனுஷ்கோடி போய் மதுரை திரும்புகிறவர்கள் பையில் சங்கு, சோழியோடு சில சமயம் ஒரு வெள்ளைக் கூடும் இருக்கும். மேலே இதழ் இதழாகக் கோடுகள், ஒரு பக்கம் உள்வாங்கிய பள்ளம். அதுதான் இதய முள்ளெலி (heart urchin), கடல் முள்ளெலியில் ஒரு வகை. கடலடி மணலுக்குள் புதைந்து வாழும் பிராணி. பள்ளிக் கண்காட்சிக்கு அருமையான பொருள். ஆனால் பலர் கழுவும்போதே நொறுக்கிவிடுகிறார்கள்.

எடுப்பதும் கொண்டுவருவதும்
முள் அசைந்தால் அதற்கு உயிர் இருக்கிறது, தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். வெறுங்கூட்டை மட்டும் எடுங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. கூட்டின் சுவர் அப்பளம் மாதிரி. பையில் சும்மா போட்டால் பரமக்குடி தாண்டுவதற்குள் தூள்தான். டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து, ஒன்றோடொன்று உரசாமல் அடுக்குங்கள்.

ஊறவைத்தல்
நல்ல தண்ணீரில் 24 மணி நேரம். நடுவே மூன்று முறை தண்ணீர் மாற்றுங்கள். உப்பு உள்ளேயே தங்கினால், காயும்போது நுண்துளைகளில் படிகமாகி மேற்பரப்பை உதிர்த்துவிடும். உள்ளே மணல் இருக்கும் (மணலை விழுங்கி அதிலுள்ள மக்கைச் செரிப்பதுதான் இதன் பிழைப்பு). தண்ணீருக்குள்ளேயே மெதுவாகச் சாய்த்து வெளியேற்றுங்கள், குச்சியால் குத்தவேண்டாம்.

வெளுத்தல்
ஏற்கெனவே வெளுத்த கூட்டுக்கு இது தேவையே இல்லை. தோலும் நாற்றமும் இருந்தால் மட்டும், திரவ பிளீச் 1 பங்கு, தண்ணீர் 3 பங்கு, பிளாஸ்டிக் டப்பாவில் 10 நிமிடம். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். கூடு பல தகடுகளால் ஆனது, அவற்றைப் பிணைத்திருப்பது நார்த்திசு. பிளீச் அதையும் தின்றுவிடும். ராத்திரி ஊறப்போட்டுத் தூங்கினால் காலையில் தகடு தகடாகத்தான் அள்ளவேண்டும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். அதன் சுண்ணாம்புக் கசடு துளைகளை அடைத்துவிடும். வினிகரும் டாய்லெட் ஆசிடும் பக்கத்திலேயே வரக்கூடாது. கூடு கால்சியம் கார்பனேட், அமிலத்தில் கரையும். பிளீச்சோடு ஆசிட் கலந்தால் குளோரின் வாயு வேறு கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

அலசலும் காயவைத்தலும்
மதுரையில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. அதில் அலசினால் காய்ந்ததும் வெள்ளைப் பூப்பு படியும். கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் ஊற்றுங்கள். மொட்டைமாடி வெயில் வேண்டாம், நிழலில் பழைய துணிமேல் இரண்டு நாள். நியூஸ்பேப்பர் மை ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்தபின் ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து, மெல்லிய பிரஷ்ஷால் ஒரே பூச்சு. கெட்டியாகப் பூசினால் கீழே சொல்லும் அடையாளங்கள் எல்லாம் மறைந்துபோகும்.

கூட்டில் என்ன பார்ப்பது
லென்ஸ் வைத்துப் பாருங்கள். இதழ்களின் ஓரத்தில் இரட்டை இரட்டையாக நுண்துளைகள்: மூச்சுவிட உதவும் குழல் கால்கள் (மெல்லிய குழாய் போன்ற மென்மையான உறுப்புகள்) அவற்றின் வழியாக வெளியே வந்தன. இதழ்கள் நான்குதான்; ஐந்தாவது துளை வரிசை இதழாக விரியாமல் முன்பள்ளத்தில் இறங்குகிறது. மணலுக்குள் 15 செ.மீ. ஆழத்தில்கூட இருக்கும் சில இனங்கள், அங்குள்ள நீண்ட குழல் கால்களால் மேலே வரை ஒரு காற்றுக்குழாய் போலத் துளையமைத்து, சளி பூசி இடிந்துவிழாமல் காக்கின்றன. அந்தத் துளை வழியேதான் புதுத் தண்ணீர் இறங்குகிறது.

திருப்பிப் பாருங்கள். சாதாரண கடல் முள்ளெலிக்கு வாய் நட்டநடுவில், பற்களோடு. இதற்கு வாய் முன்பக்கம் நகர்ந்திருக்கும், பல் கிடையாது, உதடு மாதிரி ஒரு விளிம்பு மட்டும். ஆசனத்துளை பின்பக்கம். வாய்க்குப் பின்னால் புடைப்புகள் நிறைந்த பகுதியில்தான் மணலைத் தள்ளும் துடுப்பு முட்கள் இருந்தன. கூட்டைச் சுற்றி வழவழப்பான மெல்லிய பட்டை தெரிந்தால், நீரோட்டம் உண்டாக்கும் நுண்முட்கள் அங்கே நெருங்கி நின்றன என்று அர்த்தம். தேய்த்துக் கழுவினால் முதலில் அழிவது இந்தப் பட்டைதான்.

கூட்டில் சுத்தமான வட்டமாக ஒரு ஓட்டை இருந்தால் அதை அடைக்காதீர்கள். தலைக்கவசச் சங்கு வகை நத்தைகள் அமிலத்தால் இளக்கி, நாக்கால் அறுத்து உள்ளே இருப்பதைத் தின்னும் அடையாளம் அது. ஒழுங்கற்ற உடைசல் என்றால் அலையோ பஸ்ஸோ காரணம். எடுத்த இடத்தையும் தேதியையும் பென்சிலால் ஒரு சீட்டில் எழுதி, கூடு வைத்திருக்கும் பெட்டிக்குள்ளேயே போட்டுவையுங்கள்.