கீலேஷன் நடக்கும்போது சத்து மாத்திரை: எதை, எப்போது, எவ்வளவு

ஈயம், பாதரசம் போன்ற கன உலோகம் உடம்பில் ஏறிவிட்டது, கீலேஷன் மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றதும் வீட்டில் யாராவது ஒருவர் கேட்பார்: "நல்ல சத்தையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடாதா?" இழுக்கும். ஆனால் எதை, எவ்வளவு என்பது மருந்துக்கு மருந்து மாறும். அதனால் சத்து மாத்திரை வாங்கப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மருந்தின் பெயரை முழுசாக, எழுத்து பிசகாமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "கீலேஷன் எடுக்கிறேன்" என்று மட்டும் சொன்னால் மருந்தாளுநருக்குக்கூட உருப்படியாக ஒன்றும் சொல்ல முடியாது.

வேதியியல் பாடத்தில் இதைக் கொடுக்கிணைப்பு என்று படித்திருப்பீர்கள். நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோல மருந்தின் மூலக்கூறு உலோக அயனியைக் கவ்வி, பெரும்பாலும் சிறுநீர் வழியே வெளியே கொண்டுபோகும். அந்தக் கொடுக்குக்கு ஈயம் கெட்டது, துத்தநாகம் நல்லது என்ற பேதம் தெரியாது. எது எளிதாகப் பிடிபடுகிறதோ அது மாட்டும்.

மருந்துக்கு மருந்து என்ன மாறுகிறது

ஈயத்துக்கு வாய்வழியாகக் கொடுக்கும் சக்சைமர், அதாவது டி.எம்.எஸ்.ஏ., இந்த விஷயத்தில் ஓரளவு சாது. துத்தநாகமும் செம்பும் கொஞ்சம் போகும். கால்சியம், மெக்னீசியம், இரும்பு பெரிதாக அசையாது. ஈயம் ஏறிய குழந்தைகளில் பலருக்கு இரும்புச்சத்துக் குறைவும் கூடவே இருக்கும். குடலில் இரும்பை உள்ளே ஏற்றும் கடத்தியே ஈயத்தையும் ஏற்றுவதால், இரும்பு குறைந்த குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். சக்சைமர் எடுக்கும் காலத்திலேயே இரும்பும் கொடுக்கலாம் என்பது அதனால் பெரிய ஆறுதல்.

டைமெர்காப்ரால் ஊசி அதற்கு நேர் எதிர். அது இரும்போடு சேர்ந்தால் உருவாகும் கூட்டுப்பொருளே நஞ்சு. அந்த ஊசி போடும் நாட்களில் இரும்பு மாத்திரை, இரும்பு டானிக், இரும்பு கலந்த மல்டிவிட்டமின் எதுவும் கூடாது. செலினியமும் அதே பட்டியலில்தான். ஈயம் மூளையைத் தாக்கியிருந்தால் டைமெர்காப்ராலை முதலில் போட்டு, நான்கு மணி நேரம் கழித்து கால்சியம் ஈ.டி.டி.ஏ. சேர்ப்பார்கள். அப்படிப்பட்ட நோயாளி ஏற்கெனவே ரத்தசோகைக்கு இரும்பு சாப்பிட்டு வந்திருந்தால், மருத்துவமனையில் சேர்க்கும்போதே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். அவசரத்தில் யாரும் கேட்காமல் விட்டுப்போகிற தகவல் இது.

துத்தநாகத்தை அதிகம் வாரிக்கொண்டு போவது ட்ரிப்பில் ஏற்றும் கால்சியம் ஈ.டி.டி.ஏ. தொடங்கியதுமே சிறுநீரில் துத்தநாகம் பல மடங்கு கூடும், மாங்கனீசும் போகும். வழக்கமாக ஐந்து நாள் ஏற்றி, சில நாள் ஓய்வு விடுவார்கள். ட்ரிப் ஏறும் வேளையில் துத்தநாகம் விழுங்கினால் மருந்தின் ஒரு பங்கு அதைப் பிடிக்கவே செலவாகும். மருத்துவர் வேறு மாதிரி சொல்லாத வரை, ஈடுகட்டும் வேலையை ஓய்வு நாட்களுக்கு வைத்துக்கொள்வதே சரி. சர்க்கரை நோயாளிகள் கவனிக்க: சில இன்சுலின் வகைகள் நீண்ட நேரம் வேலை செய்வது அவற்றில் உள்ள துத்தநாகத்தால். இந்த மருந்து அந்தத் துத்தநாகத்தைப் பிடித்துவிடும் என்பதால் இன்சுலினின் வேலை நேரம் சுருங்கலாம், சர்க்கரை அளவு தாறுமாறாகலாம்.

பெயர்க் குழப்பம் உயிரையே எடுத்த இடமும் இதுதான். கால்சியம் டைசோடியம் ஈ.டி.டி.ஏ. வேறு, வெறும் டைசோடியம் ஈ.டி.டி.ஏ. வேறு. இரண்டாவது மருந்து ரத்தத்திலிருந்து கால்சியத்தையே பிடுங்கும், இதயம் நின்றுபோகும். 2003-க்கும் 2005-க்கும் இடையே அமெரிக்காவில் கீலேஷனால் கால்சியம் சரிந்து மூன்று பேர் இறந்ததை அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2006-ல் வெளியிட்டது. அவர்களில் இருவர் குழந்தைகள். முன்கூட்டியே கால்சியம் மாத்திரை போட்டுக்கொண்டால் சமாளித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ரத்தத்தில் நிமிடக்கணக்கில் விழும் கால்சியத்தைக் குடல் வழியாக வரும் மாத்திரை எட்டிப் பிடிக்காது. ட்ரிப் ஓடும்போது உதட்டைச் சுற்றி மதமதப்பு, விரல் நுனியில் ஊசி குத்துவது, தசை இழுப்பு வந்தால் உடனே செவிலியரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்குக் கொடுக்கும் பெனிசிலமினில் சிக்கல் வேறு விதம். இங்கே தாதுச்சத்துதான் மருந்தைக் கெடுக்கிறது. இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் பெனிசிலமின் வெறும் வயிற்றில் ஏறும் அளவில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் உடம்பில் ஏறும். சாப்பாட்டோடு எடுத்தால் ஏறக்குறைய பாதி. ஆகவே உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ, வெறும் தண்ணீரோடு. இரும்புக்கும் அதற்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி. கூடவே வைட்டமின் பி6 தினம் 25 மி.கி. முதல் 50 மி.கி. வரை எழுதுவார்கள், பெனிசிலமின் அந்த வைட்டமினின் வேலையைக் கெடுப்பதே காரணம். அதே நோய்க்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான டிரையன்டைனுக்கும் இதே வெறும் வயிற்று விதி, இதே இரும்பு இடைவெளி.

வில்சன் நோயாளிகள் மல்டிவிட்டமின் டப்பாவைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. அதில் பெரும்பாலும் 1 அல்லது 2 மி.கி. செம்பு இருக்கும். ஒரு பக்கம் மருந்து செம்பை வெளியேற்ற, மறுபக்கம் மாத்திரை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும்.

உடம்பில் இரும்பு மிகுந்தவர்களுக்கான மருந்துகளில் டெஃபெரிப்ரோன் துத்தநாகத்தைக் குறைக்கும். இரும்பு, துத்தநாகம், அலுமினியம் உள்ள எதற்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். டெஃபெராசிரோக்ஸ் எடுப்பவர்கள் அலுமினியம் கலந்த அமில எதிர்ப்பு மருந்தைத் தவிர்க்க வேண்டும். டெஃபெராக்சமினோடு வைட்டமின் சி எடுப்பது தனிக் கதை. சிகிச்சை சீராக ஒரு மாதம் ஓடிய பிறகே தொடங்கலாம், பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 200 மி.கி.யைத் தாண்டக் கூடாது, இதயம் பலவீனமாக இருந்தால் கூடவே கூடாது. வைட்டமின்தானே என்று ஆயிரம் மில்லிகிராம் போட்டால் சேமிப்பில் கிடக்கும் இரும்பு அவிழ்ந்து இதயத்தைப் பதம்பார்க்கும்.

கதிரியக்க சீசியம், தாலியம் ஆகியவற்றுக்குக் கொடுக்கும் பிரஷ்யன் புளூ குடலுக்குள்ளேயே இருந்து வேலை செய்வது. அதில் கவனிக்க வேண்டியது ரத்தத்தில் பொட்டாசியம் குறைவது. மலம் நீலமாகப் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

லேபிளைப் படிப்பது

அளவுத் தவறுகளில் பாதி இங்கே நடக்கிறது. டப்பாவின் முகப்பில் "ஜிங்க் சல்ஃபேட் 220 மி.கி." என்று இருக்கும். அது உப்பின் எடை. அதற்குள் இருக்கும் துத்தநாகம் சுமார் 50 மி.கி. இன்னொரு டப்பாவில் "ஜிங்க் குளுக்கோனேட் 50 மி.கி." இருக்கும், குளுக்கோனேட்டில் துத்தநாகம் சுமார் 14 சதவீதம்தான் என்பதால் உள்ளே இருப்பது 7 மி.கி. முதல் டப்பாவை அதிகம் என்று ஒதுக்கி இரண்டாவதை வாங்கி, சரியான அளவு எடுக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பவர் உண்டு. சில தயாரிப்புகளில் முகப்பு எண்ணே தூய துத்தநாகத்தைக் குறிக்கும். பின்பக்கம் "எலிமென்டல்" என்ற சொல்லுக்கு எதிரே உள்ள எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள்.

இரும்பும் அப்படியே. 325 மி.கி. ஃபெரஸ் சல்ஃபேட்டில் இரும்பு 65 மி.கி. ஃபியூமரேட் என்றால் 33 சதவீதம், குளுக்கோனேட் என்றால் 12 சதவீதம். கால்சியம் கார்பனேட்டில் 40 சதவீதமும் சிட்ரேட்டில் 21 சதவீதமும் கால்சியம். கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், ஆகவே சாப்பாட்டோடு. சிட்ரேட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எதுவானாலும் ஒரு வேளைக்கு 500 மி.கி. கால்சியத்துக்கு மேல் போட்டால் உறிஞ்சப்படும் விகிதம் குறையும். எலும்புத் தூள், டோலமைட் என்ற பாறைக் கனிமம் ஆகியவற்றிலிருந்து எடுத்த கால்சியம் வேண்டவே வேண்டாம். அவற்றில் ஈயம் இருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

எவ்வளவு

பெரியவர்களுக்குத் துத்தநாகத்தின் அன்றாடத் தேவை ஆணுக்கு 11 மி.கி., பெண்ணுக்கு 8 மி.கி. உணவு, மாத்திரை எல்லாம் சேர்த்து மேல்வரம்பு 40 மி.கி. குழந்தைகளுக்கு இந்த வரம்பு மிகத் தாழ்வு: 1 முதல் 3 வயது வரை 7 மி.கி., 4 முதல் 8 வயது வரை 12 மி.கி. பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தாலும் தாண்டிவிடும். ரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்து மருத்துவர் அதிகம் எழுதினால் அது வேறு. அதற்கு முடிவுத் தேதியும் இருக்கும்.

வரம்பு ஏன் என்று கேட்டால், துத்தநாகம் கூடினால் செம்பு இறங்கும். குடல் சுவரில் ஒரு புரதத்தைத் தூண்டி, அது செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ள, செல் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். வில்சன் நோய்க்கு ஒரு வேளைக்கு 50 மி.கி. துத்தநாகம் வீதம் தினம் மூன்று வேளை கொடுப்பது இந்தக் குணத்தை வைத்துத்தான். மற்றவருக்கு இதே குணம் வினையாகும்: ரத்தசோகை, வெள்ளணுக் குறைவு, மாதங்கள் போனால் கால் மரத்து நடை தடுமாறுவது. சக்சைமரும் சிலருக்கு வெள்ளணுவைக் குறைக்கும். ஆக, எண்ணிக்கை இறங்கும்போது குற்றவாளி மருந்தா, நீங்களே கூட்டிக்கொண்ட துத்தநாகமா என்று தெரியாமல் சிகிச்சையே நின்றுபோகலாம். எடுக்கும் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

செலினியம் தினம் 55 மைக்ரோகிராம் போதும், 400-ஐத் தாண்டினால் முடி கொட்டும், நகம் உடையும். மெக்னீசியம் மாத்திரையில் 350 மி.கி.க்கு மேல் போனால் வயிற்றைக் கலக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு அது ரத்தத்தில் தேங்கும், அவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. ஈ.டி.டி.ஏ. சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்து என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

நேரம் ஒதுக்குவது

சக்சைமர் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ எடைக்கு 10 மி.கி. வீதம் முதல் ஐந்து நாள் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அடுத்த 14 நாள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. முதல் கட்டத்தில் காலை 6, மதியம் 2, இரவு 10 என்று வையுங்கள். துத்தநாகம் காலை 10 மணிக்கு, ஏதாவது சாப்பிட்ட பிறகு. வெறும் வயிற்றில் துத்தநாகம் விழுங்கினால் பலருக்கு அரைமணிக்குள் குமட்டிக்கொண்டு வரும். கூடவே கீலேஷன் மருந்தும் வாந்தியில் போனால் அந்த டோஸ் கணக்கே குழம்பிவிடும். இரும்பு மாலை 6 மணிக்கு, காபி, டீ, பால் இல்லாமல். இரும்பும் துத்தநாகமும் கால்சியமும் ஒன்றோடொன்று போட்டி போடுபவை, அதனால் ஒரே கையில் அள்ளி விழுங்க வேண்டாம். இரண்டாம் கட்டத்தில் மருந்து காலை 6, மாலை 6 என்று மாறும்போது இரும்பை மதியம் 2 மணிக்கு நகர்த்துங்கள். மாற்ற மறப்பது ஆறாம் நாள்தான். நாட்காட்டியில் அன்றைக்கு வட்டம் போட்டு வையுங்கள்.

பெனிசிலமின் இரண்டு வேளை என்றால் காலை எழுந்ததும் 6.30-க்கு ஒன்று, 8 மணிக்குச் சாப்பாடு, மதிய உணவு 1 மணிக்கு, இரும்பு பிற்பகல் 3.30-க்கு, இரவு உணவு 7 மணிக்கு, இரண்டாவது பெனிசிலமின் 10 மணிக்கு. இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது எதையும் திடீரென்று மாற்றாதீர்கள். இரும்போடு சேர்த்தே மாதக்கணக்கில் விழுங்கி வந்தவர் ஒருநாள் இரும்பை மட்டும் நிறுத்தினால், அதே பெனிசிலமின் அளவு உடம்புக்குள் பல மடங்காக ஏறும், சிறுநீரகம் அடிவாங்கும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதற்கும் இரும்பு, கால்சியத்துக்கும் நான்கு மணி நேரம் விடுங்கள்.

இரும்பு டப்பாவைப் பூட்டி வையுங்கள். குழந்தையின் எடையில் கிலோவுக்கு 20 மி.கி. இரும்பு உள்ளே போனாலே நச்சு அறிகுறி தொடங்கும், 60 மி.கி. உயிருக்கு ஆபத்து. பத்து கிலோ குழந்தை 65 மி.கி. மாத்திரை பத்தை விழுங்கினாலே அந்த ஆபத்து எல்லையைத் தாண்டிவிடும்.

ரத்தப் பரிசோதனை

சிகிச்சை தொடங்கும் முன் ஒருமுறை துத்தநாகம், செம்பு, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), முழு ரத்த எண்ணிக்கை, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), கல்லீரல் சோதனை எடுத்துவிட்டால் பிறகு ஒப்பிட ஓர் அடித்தளம் கிடைக்கும். துத்தநாகத்துக்குக் காலையில் வெறும் வயிற்றில், முந்தின நாள் மாத்திரையைத் தவிர்த்துவிட்டுக் கொடுங்கள். ரத்தம் நுண்தனிமங்களுக்கான கருநீல மூடிக் குழாயில்தான் எடுக்கப்பட வேண்டும். சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்து துத்தநாகம் கலந்து பொய்யான நல்ல எண்ணைக் காட்டும். ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைந்திருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ எண் பொய்யாகத் தாழும். காய்ச்சல் நேரத்தில் ஃபெரிட்டின் உயர்ந்து காட்டி இரும்புக் குறைவை மறைக்கும்.

கீலேஷன் மருந்தை ஒரு வேளை கொடுத்து உடனே சிறுநீரில் உலோகத்தை அளந்து, மருந்து எடுக்காதவருக்கான இயல்பு அளவோடு ஒப்பிட்டு "உங்களுக்கு நச்சு ஏறியிருக்கிறது" என்று சொல்லும் சோதனையை நச்சியல் மருத்துவர்கள் ஏற்பதில்லை. அந்த மருந்து யாருக்குக் கொடுத்தாலும் சிறுநீரில் உலோகம் கூடத்தான் செய்யும். அந்தத் தாளை வைத்து விற்கப்படும் சத்து மாத்திரைப் பெட்டிக்கும் அதே மதிப்புதான்.

ஈயத்துக்கான ஒரு சுற்று முடிந்து ஓரிரு வாரத்தில் ரத்த அளவு மறுபடி ஏறும். எலும்பில் படிந்தது மெல்ல இறங்கி வருவதால் அப்படி. அதைப் பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்ட வேண்டாம். அடுத்த சுற்று வேண்டுமா என்பதை மருத்துவர் அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்வார். சுற்றுகளுக்கு நடுவே வழக்கமாகக் குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி இருக்கும். துத்தநாகத்தையும் செம்பையும் மறுபடி அளந்து பார்க்க அந்த இடைவெளியே தோதான நேரம்.