பெரிய கலை அருங்காட்சியகத்தில் தனியாக ஒரு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

முதன்முதலாக ஒரு பெரிய கலை அருங்காட்சியகத்துக்குத் தனியாகப் போனபோது, வாசலில் வரைபடத்தை வாங்கிக்கொண்டு, முதல் அறையிலிருந்து கடைசி அறை வரை ஒன்றுவிடாமல் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். மூன்று மணி நேரத்தில் கால் கெஞ்ச ஆரம்பித்தது. எந்தச் சுவரைப் பார்த்தாலும் தங்க நிறச் சட்டங்கள்தான் தெரிந்தன, உள்ளே இருந்த படம் மனதில் ஏறவில்லை. அன்று இரவு யோசித்தால் இரண்டே படங்கள் நினைவில் நின்றன, இரண்டுமே உட்கார பெஞ்ச் இருந்த அறைகளில் இருந்தவை. அதற்கப்புறம் நான் எப்போது போனாலும் கொஞ்சமாகத்தான் பார்க்கிறேன், ஆனால் நின்று பார்க்கிறேன். கூட யாராவது இருந்தால் இது கஷ்டம், அவர் நகர்ந்தால் நாமும் நகர வேண்டியிருக்கும். தனியாகப் போவதில் இருக்கிற பெரிய வசதியே இதுதான்.

முந்தைய நாள்: பத்தே பத்து

பாரிஸில் இருக்கும் லூவரில் மட்டும் சுமார் 35,000 பொருள்கள் பார்வைக்கு இருக்கின்றன. ஒன்றுக்குப் பத்து விநாடி என்று வைத்தாலும் 97 மணி நேரம் ஆகும், அதாவது நாலு நாள் இரவு பகலாக நின்றாலும் முடியாது. எனவே எல்லாவற்றையும் பார்ப்பது என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் தேடிப் பத்துப் படைப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் செய்வது இப்படி: நாலு எல்லோருக்கும் தெரிந்தவை, மூன்று கேள்விப்பட்டே இராதவை, மீதி மூன்று இடங்கள் காலி. அந்தக் காலி இடங்கள் நடந்து போகும்போது தானாகக் கண்ணில் படுகிறவற்றுக்கு. அவற்றை மட்டும் முன்கூட்டியே நிரப்பிவிடாதீர்கள்.

குறித்த படைப்பு இப்போது பார்வைக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். காகிதத்தில் வரைந்த ஓவியங்கள், நீர்வண்ணப் படங்கள், பழைய துணிகள் எல்லாம் வெளிச்சம் பட்டால் மங்கிவிடும் என்பதால் சில மாதம் மட்டும் வெளியே வைத்துவிட்டு மறுபடி கிடங்குக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அந்த அறைகள் இருட்டாக இருப்பதற்கும் இதுதான் காரணம், அங்கே வெளிச்சத்தைப் பொதுவாக 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் வைப்பார்கள். கண் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள்.

அப்புறம் விடுமுறை நாள். பல இடங்களில் திங்கட்கிழமை மூடியிருக்கும், ஆனால் லூவருக்குச் செவ்வாய், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் புதன். நுழையும் நேரத்தைக் குறிப்பிட்டு டிக்கெட் தருகிற இடமாக இருந்தால் காலையில் முதல் நேரத்தையே எடுங்கள்.

பையில் என்ன

நன்றாகப் பழகிய செருப்போ ஷூவோ, புதிது வேண்டவே வேண்டாம். மெல்லிய சால்வை, ஏனென்றால் அங்கே குளிரூட்டுவது நமக்காக அல்ல, ஓவியங்களுக்காக. ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். பேனா வேண்டாம், மை பட்டால் ஓவியத்துக்கு ஆபத்து என்று பல இடங்களில் காட்சிக்கூடத்துக்குள் பேனாவைப் பயன்படுத்த விடுவதில்லை. பெரிய பையையும் குடையையும் பொருள் வைப்பறையில் கொடுத்துவிடுங்கள். தோள் இலேசாக இருந்தால் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்கலாம்.

உள்ளே போனதும்

வாசலுக்குப் பக்கத்து அறையில் நிற்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் முதலில் தேங்குவார்கள். நேராகக் கடைசிக் கூடத்துக்கோ மேல் தளத்துக்கோ போய், அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். முதல் ஒரு மணி நேரம் முழு அறையும் உங்களுக்கே கிடைக்கும். கூட்டம் மொய்க்கிற புகழ்பெற்ற படத்தைக் கடைசி ஒரு மணி நேரத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

ஒரு படத்தைப் பார்ப்பது எப்படி

மெட்ரோபாலிட்டனில் பார்வையாளர்களைக் கவனித்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு படத்தின் முன் சராசரியாக 27 விநாடி நின்றார்கள் என்று தெரியவந்தது. அவர்களில் பாதிப் பேர் 17 விநாடிக்கு மேல் நிற்கவில்லை. நீங்கள் பத்து நிமிடம் நில்லுங்கள். முதல் மூன்று நிமிடம் நீளமாகத் தோன்றும், வேறு எங்காவது போகலாமே என்று மனம் அரிக்கும், அதைத் தாண்டிவிட்டால் படம் திறக்க ஆரம்பிக்கும்.

முதலில் பக்கத்தில் இருக்கிற பெயர்ச்சீட்டைப் படிக்காதீர்கள். படித்துவிட்டால் அதில் சொன்னதை மட்டுமே கண் தேடும். மூன்று நாலு மீட்டர் தள்ளி நின்று, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கண் முதலில் எங்கே போகிறது, அப்புறம் எங்கே இழுக்கப்படுகிறது என்று பாருங்கள். பிறகு கிட்டே போங்கள், ஆனால் ஒரு கை நீளத்துக்கு மேலேயே இடைவெளி இருக்கட்டும். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வது நல்லது, ஆர்வத்தில் விரலை நீட்டிக் காட்டினால் சில இடங்களில் அலாரம் அடித்துவிடும். அப்புறம் பக்கவாட்டில் நகர்ந்து சாய்ந்த கோணத்தில் பாருங்கள், ஓவியர் எங்கே வண்ணத்தை அள்ளி அப்பியிருக்கிறார், எங்கே துணி இழை தெரியும்படி மெல்லிசாகப் பூசியிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும்.

ஓர் உதாரணம். 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் மேசையும் பழமும் கண்ணாடிக் கோப்பையுமாக நிறைய வரைந்திருக்கிறார்கள், பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் ஒன்றாவது இருக்கும். பாதி உரித்த எலுமிச்சை, தோல் சுருண்டு மேசை விளிம்பில் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கோப்பை பளபளக்கிறது, கையில் எடுத்துவிடலாம் போல இருக்கிறது. கிட்டே போனால் அங்கே கண்ணாடியே இல்லை! பழுப்புப் பின்னணியின் மேல் இழுத்த இரண்டு மெல்லிய கோடுகள், ஒரு தீற்று வெள்ளை, அந்த வெள்ளைக்குள் சன்னலின் குட்டி வடிவம். இரண்டு அடி பின்னால் வந்தால் மறுபடி கண்ணாடி. இந்த இடத்தில் நான் நாலைந்து முறை முன்னும் பின்னும் நடந்திருக்கிறேன்.

சிற்பத்துக்கு வேறு முறை, சுற்றி வர வேண்டும். சோழர் கால வெண்கலங்கள் இன்று உலகின் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒரு நடராசர் முன் நின்றால் திருவாசியையும் தூக்கிய காலையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் காதுகளைப் பாருங்கள்: ஒன்றில் ஆண் அணியும் குழை, மற்றதில் பெண் அணியும் தோடு. காலடியில் கிடக்கிற முயலகனின் முகத்தைக் குனிந்து பாருங்கள். பீடத்தில் துளையோ வளையமோ தெரிந்தால், அது வீதி உலாவுக்குக் கழி செருகித் தூக்குவதற்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் நிற்கிற இந்தச் சிலை ஒரு காலத்தில் தோளில் ஏறி ஊரைச் சுற்றி வந்தது. முதலில் மெழுகில் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். சிலையை எடுக்க மண் அச்சை உடைத்தே ஆக வேண்டும், அதனால் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான்.

பெயர்ச்சீட்டு

இப்போது படிக்கலாம். பெயர், ஆண்டு, எதில் எதைக் கொண்டு செய்தது, அளவு எல்லாம் இருக்கும். ஓவியரின் பெயருக்கு முன்னால் 'இவருடையதாகக் கருதப்படுவது' என்றோ 'இவர் பட்டறை' என்றோ இருந்தால் அது அவர் கைப்பட வரைந்தது என்று உறுதியில்லை என்று பொருள். கீழே ஓரத்தில் ஒரு எண் இருக்கும், பல அருங்காட்சியகங்களில் அதன் முதல் பகுதி அந்தப் பொருள் அங்கே வந்து சேர்ந்த ஆண்டு. யார் கொடுத்தது என்ற வரியையும் விடாதீர்கள். ஒரு பொருள் எப்படி இங்கே வந்தது என்று கேட்கத் தூண்டுவது அந்த வரிதான்.

கூட்டமுள்ள படம்

லூவரில் இருக்கிற மோனா லிசா 77-க்கு 53 சென்டிமீட்டர்தான். அதைப் பார்க்க முண்டியடிக்கிற கூட்டத்துக்குப் பின்னால், எதிர்ச் சுவரில், இத்தாலிய ஓவியர் வெரோனேசே 1563-இல் முடித்த, பைபிளில் வரும் கானா ஊர்த் திருமண விருந்தைக் காட்டும் ஓவியம் இருக்கிறது. கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம், லூவரின் மிகப் பெரிய ஓவியம் அது. பெரும்பாலானவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்கள். எந்த ஊராக இருந்தாலும் சரி, கூட்டம் ஒரு பக்கம் பார்த்தால் நீங்கள் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

களைப்பு

இது உங்கள் குறை இல்லை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருந்த பெஞ்சமின் கில்மன் 1916-இலேயே 'அருங்காட்சியகக் களைப்பு' பற்றிக் கட்டுரை எழுதி, பொருள்களைப் பார்ப்பதற்காக மனிதர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று புகைப்படம் எடுத்துக் காட்டினார். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை உட்காருங்கள். வெளியே போய்விட்டு அதே டிக்கெட்டில் திரும்ப வரலாமா என்று காலையிலேயே கேட்டுவைத்துக்கொண்டால் மதியம் நல்ல காற்றில் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம்.

தனிமை கூச்சமாக இருந்தால்

முதல் அரை மணி நேரம் அப்படித்தான் இருக்கும், அப்புறம் மறந்துபோகும். காவலாளியிடம் பேசிப் பாருங்கள். கூட்டமில்லாத அறையில், "இங்கே உங்களுக்குப் பிடித்தது எது?" என்று கேட்டால் பலர் முகம் மலர்ந்து காட்டுவார்கள், அந்த அறையில் நம்மைவிட அதிக நேரம் நின்றவர் அவர்தானே. ஆடியோ வழிகாட்டியை நாள் முழுக்கக் காதில் வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன், நீங்களாகவே பார்த்து முடித்த படத்துக்கு மட்டும் கேளுங்கள்.

புகைப்படம் எடுக்க அனுமதி இருந்தாலும் ஃபிளாஷ் கூடாது. மாட்ரிட்டின் பிராடோ போன்ற இடங்களில் காட்சிக்கூடங்களுக்குள் படமே எடுக்க முடியாது. எடுக்கிற படத்தோடு அதன் பெயர்ச்சீட்டையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரம் கழித்து அது யார் வரைந்தது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். அதைவிட, பென்சிலால் நோட்டில் நாலு கோடு போடுவது நல்லது. வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கை போகிற இடத்துக்குக் கண்ணும் போகும்.

கடைசி அரை மணி

புதிதாக எதையும் தேடாதீர்கள். அன்று பார்த்ததில் மனதை விட்டுப் போகாத ஒன்றுக்குத் திரும்பிப் போங்கள். ஒருமுறை, முன்னே சொன்ன மாதிரியான ஓர் எலுமிச்சைப் படத்தின் முன் காலையில் முழுசாகப் பத்து நிமிடம் நின்றிருந்தேன். சாயங்காலம் மறுபடி போய் நின்றபோதுதான் தெரிந்தது, சுருண்ட தோலின் நிழலில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது.