கோரை கிடக்கும் கொல்லையில் விதை போடுமுன்

செட்டிநாட்டுச் செம்மண்ணில் சத்து குறைவு என்று பலரும் முதலில் செய்வது, ஒரு டிராக்டர் கண்மாய் வண்டலைக் கொல்லையில் கொட்டுவது. வண்டல் நல்லதுதான். ஆனால் அதோடு கோரை என்ற களையின் கிழங்கும் வந்துவிடும். காரைக்குடியில் எங்கள் பின்கட்டுக்குக் கோரை வந்த வழி அதுதான். மக்காத ஆட்டு எருவும் அப்படியே. சீமைக்கருவேல நெற்றைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை சாகாமல் வந்து, பாத்தியில் முளைக்கும். வண்டலைச் சலித்து, எருவை நன்றாக மக்கவைத்துப் போடுங்கள்.

கோரை வந்த பிறகு செய்யும் பெரிய தவறு, ஈர மண்ணில் அதை மேலோடு கொத்திவிடுவது. மண்ணுக்குள் கிழங்குகள் சங்கிலி போலக் கோத்துக் கிடக்கும். சங்கிலி அறுந்தால் உறங்கிக் கிடந்த கிழங்கெல்லாம் தனித்தனியாக முளைக்கும். ஒன்று பத்தாகும். கறுப்பு ஷீட் விரித்தாலும் ஊசி போலக் குத்திக்கொண்டு வெளியே வரும். உப்பு மட்டும் போடவே போடாதீர்கள், மண்ணே கெட்டுவிடும்.

நம் ஊர் சித்திரை வெயில்தான் இதற்கு மருந்து. ஒரு சாண் ஆழம் வெட்டிப் புரட்டி, கட்டியை உடைக்காமல், சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் காயப்போடுங்கள். கிழங்கு சுருங்கிச் சாகும். தப்பியதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் மூன்று, நான்கு வாரத்தில் புதுக்கிழங்கு வைத்துவிடும். ஒரே கோடையில் முடிகிற வேலையில்லை.

அப்புறம், ஆடி பிறந்ததும் பாத்தி கட்டிய கையோடு விதைத்துவிடுகிறோம். பத்து நாள் பொறுக்கலாம். வெறும் பாத்திக்குத் தண்ணீர் விட்டு, மற்ற களைகளை முளைக்கவிட்டு, களைக்கொத்தால் மேலாகச் சுரண்டி எடுத்த பிறகு விதையுங்கள். ஆழக் கிளறினால் அடியில் கிடக்கும் களை விதைகள் மேலே வந்து மறுபடி முளைக்கும்.

கத்தரி, தக்காளி, மிளகாய் விதைகளை நேரே பாத்தியில் தூவாமல் குழித்தட்டில் போடுவது நல்லது. நடும்போதே நாற்று களையைவிட உயரமாக நிற்கும். கத்தரி, தக்காளி நாற்றுக்கு 25 முதல் 30 நாள், மிளகாய்க்கு 40 நாள். விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழம் போதும். பாகல், புடலை விதைகளை ஓர் இரவு ஊறவையுங்கள். தட்டு எப்போதும் சொதசொதவென்று இருந்தால் நாற்றின் கழுத்து அழுகிச் சாயும். மேல்மண் லேசாக உலர்ந்த பிறகு தெளித்தால் சரி.