பாடம் முடிவான பிறகு நூலகர் எதற்கு? பள்ளி நூலகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணியில் புதிதாகச் சேர்ந்த நூலகர் ஒருவருக்கு உதவுவதற்காகச் சென்ற மாதம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். செயல்திட்டம் எழுதவிருந்த நாற்பது மாணவர்களுக்கும் வேண்டிய நூல்களை அவர் முன்கூட்டியே எடுத்து, உரிய பக்கங்களில் தாள் செருகி, மேசையில் அடுக்கி வைத்திருந்தார். தொடக்க காலத்தில் நானும் இதையே செய்தேன் என்பதால் இதை எழுதத் தோன்றியது. இருப்புப் பதிவேட்டில் எண் விடுபடுவது, முத்திரையிடாமல் நூல் வழங்குவது போன்ற பிழைகளை ஓராண்டு அனுபவமே திருத்திவிடும்; கீழே சொல்பவை அப்படித் தாமாகத் திருந்தாதவை.

பாடம் முடிவான பிறகு உள்ளே நுழைவது

இன்றும் என்னை உறுத்தும் தவறு இதுதான். ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் சூரியக் குடும்பம் பற்றி எழுதிவருமாறு ஆசிரியை மாணவர்களை அனுப்பினார். எதற்காக, எந்தக் கேள்விக்காக என்று நான் கேட்கவில்லை. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது வாசகரின் நேரத்தைக் காக்கச் சொல்வதால், பக்கத்தைப் பிரித்துக் கொடுப்பதே என் கடமை என நம்பினேன். பழைய கலைக்களஞ்சியம் கிடைத்தவர்கள் கோள்கள் ஒன்பது என்றும், புதிய நூல் கிடைத்தவர்கள் எட்டு என்றும் எழுதினார்கள். ஒன்பது என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண் குறைந்தது. நூலைப் பார்த்து எழுதியும் ஏன் தவறானது என்று ஒரு சிறுமி என்னிடம் வந்து கேட்டபோது, நான் கொடுத்த நூலே அவளைத் தவறாக வழிநடத்தியது என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது.

2006இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் கோள் என்பதற்கு வரையறை வகுத்தபோது, தன் சுற்றுப்பாதையின் அண்மையிலுள்ள பிற பொருள்களை அகற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நிறைவு செய்யாததால் புளூட்டோ குறுங்கோளாயிற்று. ஒரு நூல் எந்த ஆண்டு வெளியானது என்று பார்ப்பது ஏன் தேவை என்பதைக் கற்பிக்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. அது என் அலமாரியிலேயே இருந்தும், பாடக்குறிப்பு எழுதப்படுவதற்கு முன் ஆசிரியையிடம் பத்து நிமிடம் பேசாததால் அதை இழந்தேன்.

அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்திலேயே இரண்டு நூல்களையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். 'இரண்டில் எதை நம்புவீர்கள், ஏன்?' என்று செயல்திட்டத்தின் கேள்வியை இருவருமாக மாற்றினோம். நூல் வெளியான ஆண்டைத் தேடித் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் படிப்பது பற்றி முதல் பாடவேளையில் நானும், வரையறை மாறியது பற்றி அடுத்த பாடவேளையில் அவரும் கற்பித்தோம். சான்று காட்டியதற்கும் மதிப்பெண் உண்டு என்பதை இருவரும் சேர்ந்தே முடிவு செய்தோம். அந்த ஆண்டு ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுதிய தாள்கள் வெகுவாகக் குறைந்தன.

அரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராவதற்கு முன் கணிதம் கற்பித்தவர். நூலகர் கற்பிப்பது பிறர் வேலையில் தலையிடுவதாகும் என்று தயங்குபவர்களுக்கு இதை நினைவூட்டுவேன்.

நூலகப் பாடவேளையை விட்டுக்கொடுப்பது

தேர்வு நெருங்கினாலும் கொடுக்காதீர்கள்.

எண்ணிக்கையை மட்டும் அறிக்கையாகத் தருவது

எத்தனை நூல்கள் வழங்கப்பட்டன என்ற கணக்கைத் தலைமையாசிரியர் வாங்கிக் கோப்பில் வைத்துவிடுவார். மேற்சொன்ன செயல்திட்டத்தின் முந்தைய ஆண்டுத் தாள் ஒன்றையும் அந்த ஆண்டுத் தாள் ஒன்றையும் அருகருகே வைத்துக் காட்டிய பிறகே, பாடத்திட்டக் கூட்டத்தில் எனக்கும் நாற்காலி போடப்பட்டது.

காலாவதியான நூல்களைக் கழிக்கத் தயங்குவது

உரிய ஒப்புதல் பெற்று ஆண்டுதோறும் கழியுங்கள். அந்தப் பழைய கலைக்களஞ்சியத்தை மட்டும் நான் கழிக்கவில்லை. ஜூன் மாதம் ஆறாம் வகுப்பு வரும்போது, புதிய நூலுக்குப் பக்கத்தில் வைக்க அது வேண்டும்.