கிணற்று வெட்டுமுகத்தில் மண்படை வாசிக்கப் பழகுவது எப்படி?

பாகியன்கல குகைக்குப் போய் வந்த நாளிலிருந்து, அங்கே கிடைத்த ஆதிமனிதரின் எலும்பைவிட அது கிடந்த மண்தான் என் மனதில் நிற்கிறது. களுத்துறை மாவட்டத்திலுள்ள அந்தக் குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் தங்கியிருந்தார்கள் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. எது எந்த மண்படையில் கிடந்தது, அந்தப் படையிலிருந்த கரிக்கு என்ன வயது என்று பார்த்துத்தான் இப்படியான கணக்குப் போடுகிறார்கள். படையைப் பிழையாக வாசித்தால் ஆய்வகம் எவ்வளவு சரியாக அளந்தும் பயனில்லை.

என் வீட்டுப் பக்கம் குகை இல்லை. ஆனால் வைகாசி பிறந்தால் யாராவது ஒருவர் கிணறு வெட்டுவார். பழக அது போதும்.

தொடங்க முன் ஒன்று. பழைய பொருள் தேடி நாமாகத் தோண்டக்கூடாது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். வேறு தேவைக்கு வெட்டிய குழியை, உரியவரிடம் கேட்டுவிட்டுப் பாருங்கள். மனித எலும்பு போல ஏதாவது தெரிந்தால் கை வைக்காமல் நிறுத்தி, கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள். எங்கள் மண்ணில் ஒரு எலும்பு யாரோ ஒரு தாய் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளையுடையதாக இருக்கலாம். அது கிடந்த படியே, சுற்றியுள்ள மண்ணும் குலையாமல் இருப்பதுதான் அந்தத் தாய்க்கு நாம் செய்யக்கூடியது.

1. முகத்தைச் சீவுதல்

குழி இடுப்பளவில் நிற்கும்போதே வேலையை முடியுங்கள். அதற்குக் கீழே போனால் இறங்காதீர்கள், மண் சரியும். மேசன்மார் பாவிக்கும் சாந்தகப்பையின் ஓரத்தை அரத்தால் ராவிக் கூராக்கி, மேலிருந்து கீழாகச் சீவுங்கள். கடையில் விற்கும் தூரிகை வேண்டாம். ஈர மண்ணை அது பூசிவிடும், எல்லைக்கோடு மறைந்துவிடும். ஆழத்தை நிலமட்டத்திலிருந்து அளக்காமல், மட்டம் பார்த்துக் கட்டிய நூலிலிருந்து அளவுங்கள்.

2. நனைத்துப் பார்த்தல்

காய்ந்த செம்மண் எல்லாம் ஒரே நிறம். ஸ்பிரே போத்தலால் மெல்ல நனைத்தால் படைகள் பிரிந்து தெரியும். நிழலில் பாருங்கள், நிழலிலேயே படம் எடுங்கள்.

3. படையா, வளையா?

நான் இடறியது இங்கேதான். இரணைமடுப் பக்கம் மாமாவின் காணியில், 70 சென்ரிமீற்றர் ஆழத்தில், கறுத்த மண் ஒரு கையகலத்துக்குத் தெரிந்தது. அதற்குள் ஒரு துண்டுக் கரி. பழைய அடுப்பு என்று கொப்பியில் எழுதிவிட்டேன். கிணறு வெட்ட வந்த ஐயா குனிந்து பெருவிரலால் அமத்திப் பார்த்தார். "பிள்ளை, இது அடுப்பில்லை, எலி வளை. விரல் மெத்தெண்டு போகுது பார்." இன்னும் ஐந்து சென்ரிமீற்றர் உள்ளே சீவினேன். கறுப்பு வட்டமாகிப் பக்கவாட்டில் நகர்ந்தது. அந்தக் கரி போன வருசம் காணி துப்பரவாக்கி எரித்ததில் வந்து விழுந்ததாக இருக்கலாம். குகையிலும் இதே பிழை நடந்தால், நேற்றைய கரி பழைய எலும்புக்கு வயது சொல்லிவிடும்.

உள்ளே சீவச் சீவப் படை தொடர்ந்து வரும். வளை உருவம் மாறும். வளைக்குள் இருக்கும் மண் பொலபொலக்கும். கறையானையும் மறவாதீர்கள். அது நுண்மண்ணை மேலே ஏற்றும், கற்கள் கீழே இறங்கி வரிசையாக நிற்கும். அந்தக் கல்வரிசையை மனிதர் நடந்த தளம் என்று எழுதிவிடலாம், அவ்வளவு ஒழுங்காக இருக்கும்.

4. கையால் உருட்டுதல்

ஈர மண்ணை விரலிடையில் நாடாவாக நீட்டுங்கள். நீண்டால் களி, உடைந்தால் மணல்.

5. வினாகிரிச் சோதனை

ஒரு சொட்டு விட்டு நுரைக்கிறதா பாருங்கள். நுரைத்தால் சுண்ணம் இருக்கிறது. எலும்பு ஏன் ஓரிடத்தில் நிலைக்கிறது, இன்னோரிடத்தில் கரைகிறது என்பதற்கு இதில் பாதி விடை உண்டு. குகைத் தரையில் சேரும் சாம்பலும் நத்தை ஓடும் மண்ணின் அமிலத்தை அடக்கும். இரணைமடுச் செம்மண்ணில் மழைநீர் சுண்ணத்தைக் கழுவிவிட்டது. செம்மண்ணுக்கு அடியிலுள்ள கிரவலில் ஆதிமனிதரின் கல்லாயுதங்கள் கிடைத்தும் அவர்களின் எலும்பு நிலைக்காததற்கு அது ஒரு காரணம். புவிச்சரிதவியலாளர் 'இரணைமடு உருவாக்கம்' என்று பெயரிட்டது இந்த மண்ணுக்குத்தான். கரிக்கும் எலும்புக்கும் வயது பார்க்கும் காபன்-14 முறை எட்டுவது ஏறத்தாழ 50,000 ஆண்டு வரைதான். அதற்கு முந்திய மணலுக்கு, அதன் மணிகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளக்கும் ஓ.எஸ்.எல். முறை உண்டு.

பின்சேர்க்கை: நத்தை ஓடு கண்ணுக்குத் தெரிகிறது, வினாகிரி நுரைக்கவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கடை வினாகிரி வலுக் குறைந்தது. கட்டியைத் தூளாக்கி, வினாகிரியைக் கொஞ்சம் சூடாக்கி விடுங்கள். காதருகே பிடித்தால் நுரை தெரிய முன்னம் சிறு சீறல் கேட்கும்.